‘ஊம்’ கொட்டும் காது



எப்போதும்வென்றானில் என் சிறுவயதில் கதை கேட்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு: ‘ஊம்’ கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால் ஆச்சி கதையை நிறுத்திவிடுவார்.

1988இல் தூர்தர்ஷனில் மகாபாரதத் தொடர் இந்தியில் தொடங்கியது. ஒரே பெட்டியின் முன் தெருவே கூடியது. மொழி புரியவில்லை. படம் ஓட ஓட ஆச்சிதான் தமிழில் கதை சொன்னார். நாங்கள் ‘ஊம்’ கொட்டினோம்.

பின்னர் தமிழ்த் தொடர்கள் பெருகின. எல்லாம் புரிந்தது, ஆச்சி தேவைப்படவில்லை. ஒரு மாலை அவர் தொடங்கிய கதைக்கு நான் ‘ஊம்’ கொட்டவில்லை. கண் திரையில் இருந்தது. அவர் நிறுத்திக்கொண்டார். அக்கதையின் முடிவு எனக்கு இன்றளவும் தெரியாது.

நம் கரிசல் மண்ணின் பூமணி 1982இல் ‘வெக்கை’ நாவலைத் தந்தார். கொலைசெய்த சிறுவனும் தந்தையும் ஒளிந்து திரிகிறார்கள். தந்தையின் பழங்கதை பேச்சினூடே சிறிது சிறிதாகக் கசிகிறது. மீதியை வாசகன் நிரப்பிக்கொள்கிறான். 2019இல் வெற்றிமாறன் அந்நாவலைத் தழுவி ‘அசுரன்’ படத்தை எடுத்தபோது, அப்பழங்கதை கண்முன் விரிந்தது. படம் என்னை உலுக்கியது, மறுக்கவில்லை. எனினும் நான் ‘ஊம்’ கொட்ட இடம் வைத்தது நாவல்தான்.

கி. ராஜநாராயணன் நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்தது, முதலில் அவரிடம் கேட்கும் காது இருந்ததால்தான்.

கவிஞர்களே! பத்தாண்டுகளாக நிறையச் சொல்லிவிட்டோம். வீட்டில் முதியவர் இருப்போர் இன்றிரவே அவரருகில் அமருங்கள், ‘ஊம்’ கொட்டுங்கள். எனக்கு அந்த வாய்ப்பு இனி இல்லை.