ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து பார்த்தோம்

(தர்மபுரி மாவட்டத்தில் நமது கூட்டமைப்பின் பங்குனி மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



ஒவ்வொரு மாதமும் சேமிப்பு, உள்கடன், வங்கி இணைப்பு என்று பேசுகிறோம். இன்று ரோட்டைப் பற்றிப் பேசப் போகிறோம். "ரோட்டுக்கும் குழுவுக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்று பின்வரிசையில் ஒரு அக்கா கேட்கிறார். சம்பந்தம் இருக்கிறது அக்கா. கடைசியில் நாம் ஒரு தீர்மானம் போட வேண்டியிருக்கிறது. அதுவரை கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

போன மாதம் ஒரு குழுக் கூட்டத்துக்கு நாங்கள் ஸ்கூட்டியில் வந்தோம். வழி முழுக்க ஒரு லாரி பின்னாலேயே ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. கூட்டத்துக்கு வந்ததும் கோபம் தாங்காமல், "இந்த லாரிக்காரங்களுக்குக் கண்ணே தெரியாதா?" என்று சத்தம் போட்டுவிட்டோம். அந்தக் குழுவில் ஒரு உறுப்பினரின் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர். அவர் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். "மேடம், தெரியாதுதான். வந்து ஒரு தடவை என் சீட்டில் உட்கார்ந்து பாருங்க" என்றார்.

நிறுத்தி இருந்த லாரியில் நாங்களும் நான்கு உறுப்பினர்களும் மாறி மாறி ஏறி உட்கார்ந்தோம். ஊக்குநர் அக்கா வண்டியின் முன்னால் பம்பரை ஒட்டி நின்றார். மேலே இருந்து பார்த்தால் அவர் தலையில் வைத்திருந்த பூ மட்டும்தான் தெரிந்தது. அப்புறம் ஐந்தாம் வகுப்புப் படிக்கிற ஒரு பிள்ளையை அதே இடத்தில் நிற்கச் சொன்னோம். ஒன்றுமே தெரியவில்லை. இடது பக்கக் கதவை ஒட்டி நின்ற அக்காவும் தெரியவில்லை. எல்லாரும் வாயடைத்துப் போனோம்.

அன்றைக்கே ஒரு முடிவு செய்தோம். நம்மைச் சுற்றி வண்டி ஓட்டுகிறவர்களிடம் போய், "உங்களுக்கு ரோட்டில் எது எரிச்சல்? எந்த வண்டியைக் கண்டால் பயம்?" என்று கேட்போம் என்று. ஒரு டவுன் பஸ் டிரைவர், ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர், டிராக்டர் ஓட்டுகிற அண்ணன், அந்த லாரி அண்ணன், குழுக் கடனில் ஆட்டோ வாங்கி ஓட்டுகிற நம் உறுப்பினர் ஒருவர் என்று ஐந்து பேரிடம் பேசினோம்.

யார் யாரைக் குறை சொன்னார்கள்?

பஸ் டிரைவருக்கு ஷேர் ஆட்டோவைக் கண்டால் ஆகாது. "யாராவது கை காட்டினா போதும், சிக்னல் இல்லாம நடு ரோட்டுல பிரேக் போடுவான். என் பஸ்ஸுல 60 பேர் நிக்கிறாங்க. நான் பிரேக் போட்டா எல்லாரும் மேல மேல விழுவாங்க" என்றார்.

ஷேர் ஆட்டோக்காரரைக் கேட்டால், "பஸ் மட்டும் என்ன? ஸ்டாப்பிங்ல ஓரமா நிறுத்தாம நடு ரோட்டுல நிறுத்துறாங்க. பின்னாடி வர்ற நாங்க எங்கே போறது?" என்கிறார்.

டிராக்டர் அண்ணன் சொன்னது நமக்குப் புதுசாக இருந்தது. "பின்னால கார்க்காரன் ஹாரன் அடிச்சுக்கிட்டே இருப்பான். கரும்பு லோடோட மண்ணுல இறக்கினா டிரெய்லர் சாஞ்சிடும்மா. வழி விடக்கூடாதுன்னு இல்ல, விட முடியாது." சரி அண்ணா, உங்கள் டிரெய்லருக்குப் பின்னால் சிவப்பு விளக்கு இருக்கிறதா என்று கேட்டோம். சிரித்தார். இல்லை. ஒளி பட்டால் மின்னுகிற ஸ்டிக்கராவது? அதுவும் உரிந்துவிட்டது. ராத்திரி விளக்கில்லாத டிரெய்லரில் பைக்கில் வருகிற பையன் மோதினால் யார் பொறுப்பு? அடுத்த வாரமே ஒட்டுகிறேன் என்று சொல்லியிருக்கிறார். நாங்கள் போய்ப் பார்ப்போம்.

லாரி அண்ணன் தன் ஆட்களையே குறை சொன்னார். தொப்பூர் கணவாய் உங்களுக்குத் தெரியும். சேலம் போகிற 44ஆம் எண் நெடுஞ்சாலையில் நீண்ட இறக்கம். டீசல் மிச்சம் ஆகும் என்று சிலர் நியூட்ரலில் விட்டுவிடுகிறார்கள். கியரில் போனால் இன்ஜினே வண்டியைப் பிடித்து இழுக்கும். நியூட்ரலில் போனால் முழுப் பாரமும் பிரேக்கின் மேல் விழும். பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போய்விடும். கொஞ்சம் டீசலுக்காக எத்தனை உயிர் என்று அவரே வருத்தப்பட்டார்.

நம் ஆட்டோ ஓட்டும் உறுப்பினர் சொன்னது வேறு. "பொம்பளை ஓட்டுற வண்டின்னு தெரிஞ்சாலே சில பேருக்கு முந்திப் போகணும்னு தோணும். வேணும்னே ஒட்டி வந்து ஹாரன் அடிப்பாங்க. நான் பதிலுக்கு முறுக்க மாட்டேன். பின்னாடி உக்காந்திருக்கிறது நம்ம ஊர்ப் புள்ளைங்க." இந்த ஒரு வார்த்தைக்காகவே அவருக்குக் கை தட்டலாம்.

எல்லாரும் ஒன்றாகச் சொன்ன குறை

இப்படி ஒருவரை ஒருவர் குறை சொன்னவர்கள் ஒரு விஷயத்தில் மட்டும் ஒன்று சேர்ந்தார்கள். சொன்னால் கோபப்படாதீர்கள். அது நம்மைப் பற்றியது.

முதலாவது, தை, மாசி வந்தால் ரோட்டில் கொள்ளுச் செடியைப் பரப்பி, போகிற வண்டியிலேயே தாள் அடிக்கிறோம். ராகிக் கதிரையும் அப்படியே. நமக்கு அது சுலபம். ஆனால் காய்ந்த செடி மேல் பைக் டயர் வழுக்கும். பிரேக் பிடித்தால் வண்டி சறுக்கும். செடியைச் சுற்றிக் கல் வைக்கிறோமே, அது ராத்திரியில் யாருக்கும் தெரியாது. களம் இல்லாமல் எங்கே போவது என்று கேட்கிறீர்கள். நியாயம்தான். அதற்குத்தான் கிராம சபை இருக்கிறது. 2022 முதல் நம் மாநிலத்தில் வருடத்துக்கு ஆறு கிராம சபை. மே 1 அன்று நாம் எல்லாரும் போய் உலர்களம் கேட்டு மனு கொடுப்போம்.

இரண்டாவது, பஸ்ஸை விட்டு இறங்கியதும் அதன் முன்பக்கமாகவே ரோட்டைக் கடக்கிறோம். பஸ் டிரைவருக்கும் நாம் தெரிய மாட்டோம், பஸ்ஸை முந்தி வருகிறவனுக்கும் தெரிய மாட்டோம். பஸ் கிளம்பிப் போகட்டும். இரண்டு நிமிடம் நிற்பதால் சோறு ஆறிவிடாது. 60 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற வண்டி ஒரு விநாடியில் 16 மீட்டருக்கு மேல் வந்துவிடும். வேகம் இரட்டிப்பானால், பிரேக் பிடித்து நிற்கிற தூரம் நான்கு மடங்கு ஆகும். "தூரமாத்தானே வருது" என்கிற நம் கணக்கு இங்கேதான் தப்பாகிறது.

மூன்றாவது, பைக்கில் பின்னால் உட்காரும்போது முந்தானையைப் பறக்க விடுகிறோம். சக்கரத்தில் சுற்றினால் இழுத்துக் கீழே தள்ளிவிடும். பின் சக்கரத்தைப் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பு இருக்க வேண்டும் என்பது 1989ஆம் ஆண்டின் மோட்டார் வாகன விதியிலேயே உள்ளது. சேலை கார்டு என்று கடையில் சொல்கிறோமே, அதுதான். அசிங்கமாக இருக்கிறது என்று பையன்கள் கழற்றிவிடுகிறார்கள். திரும்ப மாட்டச் சொல்லுங்கள். ஹெல்மெட்டும் ஓட்டுகிறவருக்கு மட்டும் இல்லை, பின்னால் இருப்பவருக்கும் சட்டப்படி வேண்டும்.

இன்னொன்று. 18 வயது ஆகாத பிள்ளையிடம் வண்டிச் சாவியைக் கொடுக்காதீர்கள். அவன் விபத்து செய்தால், 2019 திருத்தச் சட்டப்படி பெற்றவருக்கு 25,000 ரூபாய் அபராதமும் 3 வருடம் வரை சிறையும் உண்டு. ரேஷன் கடைக்குத்தானே போகிறான் என்று கொடுக்கிற சாவிதான் அது.

நாங்களும் செய்த தப்பு

இப்போது தீர்மானத்துக்கு வருகிறோம். இதைச் சொல்ல எங்களுக்கே கூச்சமாக இருக்கிறது.

போன வருடம் ஆடிப் பெருக்குக்கு ஒகேனக்கல் போனோம். 45 பேர். பஸ் வாடகை அதிகம் என்று லோடு லாரியில் நின்றுகொண்டு போனோம். ஏற்பாடு செய்ததில் நாங்களும் இருந்தோம். பென்னாகரம் தாண்டி மலை இறக்கத்தில் ஒரு வளைவில் டிரைவர் பிரேக் பிடித்தார். எல்லாரும் ஒரு பக்கம் சாய்ந்தோம். கைப்பிள்ளைக்காரி ஒருத்தி பக்கப் பலகை மேல் மோதினாள். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. கும்பிட்டுவிட்டு, பாட்டுப் பாடிக்கொண்டே திரும்பினோம். மறந்தும் விட்டோம்.

லாரி அண்ணனிடம் இதைச் சொன்னபோது அவர் கேட்டார்: "மூட்டையைக் கயிறு போட்டுக் கட்டுவோம். உங்களை யாரு கட்டினா?" சரக்கு ஒரே இடத்தில் இருக்கும். ஆட்கள் நின்றால், பாரம் மேலே ஏறும், வளைவில் ஒரே பக்கம் சாயும். வண்டி கவிழ அது போதும் என்றார்.

இன்னொரு உண்மையையும் தெரிந்துகொள்ள வேண்டும். சரக்கு வண்டியில் சரக்குக்குச் சொந்தக்காரரோ அவருடைய ஆளோ சரக்கோடு போனால் இன்சூரன்ஸ் உண்டு. நம்மைப் போல் பயணியாக ஏறுகிறவர்களுக்கு இழப்பீடு தரும் பொறுப்பு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு இல்லை என்று 2002 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அப்புறம் வண்டிக்காரரிடம்தான் கேட்க வேண்டும். ஒரு லாரி வைத்துப் பிழைக்கிறவர் 45 குடும்பத்துக்கு எங்கே போய்க் கொடுப்பார்? அந்தக் குடும்பங்கள் வாங்கிய குழுக் கடனை யார் கட்டுவார்கள்? ரோட்டுக்கும் குழுவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்ட அக்காவுக்கு இதுதான் பதில்.

இந்த வருடமும் ஆடி 18 வருகிறது. நாங்கள் விசாரித்தோம். லாரிக்கு 3,500 ரூபாய் கேட்கிறார்கள். 45 சீட் பஸ்ஸுக்கு 8,000 ரூபாய். வித்தியாசம் 4,500 ரூபாய். 45 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 100 ரூபாய். வாரம் 5 ரூபாய் தனியாக எடுத்து வைத்தால் 20 வாரம். இன்றிலிருந்து ஆடி 18க்கு ஏறக்குறைய அவ்வளவு வாரம்தான் இருக்கிறது. நம் உயிருக்கும் இன்றைய விலை வாரம் 5 ரூபாய்தான் சகோதரிகளே. நம்மால் முடியாதா?

நாம் எழுத வேண்டிய தீர்மானங்கள்

1. திருவிழா, காதுகுத்து, கல்யாணம், கூட்டம் எதற்கும் நம் கூட்டமைப்பு ஆட்களைச் சரக்கு வண்டியில் அனுப்பாது. பயணத்துக்கு வாரம் 5 ரூபாய் தனிச் சேமிப்பு.

2. ரோட்டில் தாள் போடுவதில்லை. மே 1 கிராம சபையில் உலர்களத்துக்கு மனு.

3. வண்டிக் கடன் வாங்கும் உறுப்பினர் வீட்டில் இரண்டு ஹெல்மெட், சேலை கார்டு, ஓட்டுநர் உரிமம் மூன்றையும் பார்த்த பிறகே கடன்.

4. விபத்தைப் பார்த்தால் ஒதுங்கிப் போவதில்லை. 108க்குப் போன் செய்ய வேண்டும். உதவி செய்கிறவர் மேல் வழக்கு வராது, சாட்சி சொல்லக் கட்டாயமும் இல்லை என்று 2019 திருத்தச் சட்டமும் அதன் விதிகளும் சொல்கின்றன. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரத்துக்குக் கட்டணமில்லாச் சிகிச்சை உண்டு. திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனையிலும் கிடைக்கும்.

பிரதிநிதிகள் உங்கள் குழுவில் படித்துக் காட்டி, தீர்மான நோட்டில் எழுதி, எல்லாரிடமும் கையெழுத்து வாங்கி வாருங்கள். கையெழுத்துப் போடும் முன் ஒன்று மட்டும் செய்யுங்கள். உங்கள் ஊரில் லாரியோ பஸ்ஸோ நின்றால், டிரைவரிடம் கேட்டு, பிள்ளைகளோடு ஒரு தடவை அந்தச் சீட்டில் ஏறி உட்கார்ந்து பாருங்கள். அவருக்கு எது தெரியும், எது தெரியாது என்று பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அந்தப் பிள்ளை இனிமேல் நின்ற வண்டிக்கு முன்னால் ஓடாது.

ஆடி 18க்கு எல்லாரும் சீட்டில் உட்கார்ந்து ஒகேனக்கல் போவோம். போன வருடம் பலகையில் மோதிய அந்தத் தங்கச்சிக்கும் பிள்ளைக்கும் ஜன்னல் ஓரத்து சீட்டு.