எங்கே விழித்திருக்கிறது ஜீன்?

காட்டு ரோஜாவுக்குப் பெரும்பாலும் ஐந்தே இதழ்கள். நம் வீட்டுத் தொட்டி ரோஜாவிலோ இதழ்கள் அடுக்கடுக்காய் நெருங்கியிருக்கின்றன. மகரந்தத் தாள்களாய் வளர வேண்டியவற்றுள் பல, இதழ்களாக மாறியதே இதற்குக் காரணம்.

தாளை உருவாக்கத் துணைபுரியும் ஜீன் இச்செடியில் தொலைந்துவிடவில்லை. மொட்டின் நடுவே அது தொழிற்படும் வட்டந்தான் சுருங்கிவிட்டது. 2010-இல் ஆராய்ச்சியாளர்கள் இதை வெளியிட்டனர்.

கண்ணுக்குப் புலப்படாத வட்டத்தை எவ்வாறு அறிகிறோம்? ஜீன் தொழிற்படுங்கால் ஆர்.என்.ஏ. என்னும் படியை எழுதுகிறது. மொட்டை மெல்லிய சீவல்களாக்கி, அப்படியோடு மட்டும் ஒட்டிக்கொள்ளும் பொருளை இட்டுச் சாயமேற்றுகின்றனர். சாயம் பிடித்த இடத்தில் ஜீன் விழித்திருக்கிறது. மற்ற இடங்களில் இருந்தும் உறங்குகிறது. சமையலறைச் சாயவேலை போலத் தோன்றினாலும் மிகுந்த பொறுமை வேண்டும் பணி இது.

விலங்குகளிலும் இதே கதைதான். 1995-இல் ஸ்விட்ஸர்லாந்தின் பாஸல் நகரில் வால்ட்டர் கேரிங் குழுவினர், கண்ணை உருவாக்கும் ஜீனைப் பழ ஈயின் கால், சிறகு முதலியன உருவாகுமிடங்களில் எழுப்பிவிட்டனர். அங்கெல்லாம் கண் முளைத்தது! சுண்டெலியின் ஜீனை இட்டபோதும் முளைத்தது ஈயின் கண்ணே. ஜீன் கட்டளை மட்டுமே இடுகிறது; கண்ணைக் கட்டுவது ஈயின் உடல்.

நம்மிடமும் அந்த ஜீன் உண்டு, தாய்வழி ஒன்றும் தந்தைவழி ஒன்றுமாக. அவற்றுள் ஒன்று பழுதுபட்டாலே, கண்பாவையைச் சூழும் வண்ண வளையம் இன்றிக் குழந்தை பிறக்கக்கூடும்.