தலைவலியையும் நோட்டில் எழுதுவோம்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் குழு உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் பத்தாம் வகுப்பு வரைக்கும் படிச்சவ. வீட்டு வேலையும், மிச்ச நேரத்துல பீடி சுத்துறதும்தான் எனக்குத் தொழில். மேடையில் பேசிப் பழக்கம் இல்லை. கடன் வாங்கி கறவை மாடு வாங்கினதையும், கடை வச்சதையும் பத்தி மத்த அக்காமார் நல்லாப் பேசிட்டாங்க. நான் தலைவலியைப் பத்திப் பேசப் போறேன். இதெல்லாம் ஒரு விஷயமான்னு நினைக்காதீங்க. மாசத்துல பத்து நாள் ஒரு பொம்பளை எழுந்திரிக்க முடியாமப் படுத்தா, அந்த வீட்டு வருமானமும், பிள்ளைகள் சாப்பாடும், குழுத் தவணையும் அவளோட சேர்ந்து படுத்துரும்.

எனக்கு 24 வயசுல, இரண்டாவது பிள்ளைக்கு ஒரு வயசு ஆனப்போ வலி வர ஆரம்பிச்சது. வலது பக்கம் நெத்திப் பொட்டுல தொடங்கும். உலக்கை போட்டு இடிக்கிற மாதிரி துடிச்சுத் துடிச்சு வலிக்கும். வெளிச்சம் ஆகாது. மிக்சி சத்தம் ஆகாது. தாளிக்கிற வாடை வந்தாலே குமட்டும். வாந்தி எடுத்துட்டு, இருட்டு அறையில ஈரத்துணியை நெத்தியில கட்டிச் சுருண்டு படுத்திருப்பேன். ஒரே நாள்ல விட்டாலும் விடும், மூணு நாள் இருந்தாலும் இருக்கும். மாசத்துக்கு நாலு தடவை, அஞ்சு தடவை வரும். அந்த நாள்ல நனைச்சு வெட்டி வச்ச பீடி இலை தட்டிலேயே காய்ஞ்சு கிடக்கும். ஆயிரம் சுத்த வேண்டிய கை நூறு சுத்தாது.

ஆளுக்கு ஒண்ணு சொன்னாங்க. பித்தம்னாங்க, சைனஸ்னாங்க, தலைக்கு ஊத்திட்டு ஈரத்தோட இருக்கான்னாங்க. கண் ஆஸ்பத்திரியில பார்த்தோம், பார்வை நல்லா இருக்குன்னுட்டாங்க. பிரஷர் பார்த்தோம், அதுவும் சரி. 1964-லயே அரசு சித்த மருத்துவக் கல்லூரி வந்த பாளையங்கோட்டை நமக்குப் பக்கம்தான். சுக்குப் பத்தும் நொச்சி ஆவியும் நம்ம எல்லார் வீட்டுப் பழக்கம். சளி பிடிச்ச தலைபாரத்துக்கு அது சுகமா இருக்கும். இந்த வலி அதுக்கு அசையலை.

கடைசியில ஒரு தனியார் இடத்துல ஸ்கேன் எடுக்கச் சொன்னாங்க. குழுவுல 6,500 ரூபாய் உள்கடன் வாங்கி எடுத்தேன். எல்லாம் நார்மல்னு எழுதிக் கொடுத்தாங்க. மூளையில கட்டி கிட்டி இல்லைன்னு நிம்மதியாத்தான் இருந்தது. ஆனா அதுக்கப்புறம்தான் வீட்டுல கஷ்டம் கூடுச்சு. "ஸ்கேன்லயே ஒண்ணுமில்லன்னுட்டாங்க, பிறகு என்னத்துக்கு இப்படிப் படுத்துக்கிடுதா?"ன்னு பேச்சு வந்தது. வேலைக்கு அஞ்சி நடிக்கான்னு தெருவுல ஒருத்தர் சொன்னது என் காதுலயும் விழுந்தது. வலி ஒரு பக்கம்னா, வலி இருக்குன்னு யாரும் நம்பாதது மறுபக்கம். இதை அனுபவிச்சவங்க இங்கே நிறையப் பேர் இருப்பீங்க.

அந்தச் சமயம் எங்க குழுக் கூட்டத்துக்குக் கிராம சுகாதார செவிலியர் வந்திருந்தாங்க. நான் தொடர்ந்து மூணு கூட்டத்துக்கு வரலைன்னு தீர்மான நோட்டுல இருந்ததைப் பார்த்துட்டு என்னன்னு கேட்டாங்க. சொன்னேன். அவங்க சொன்னது இதுதான்: "யாரு எப்பப் பணம் கட்டினாங்கன்னு தேதி போட்டு எழுதுதீங்கல்லா. தலைவலியையும் அப்படியே எழுது. ரெண்டு மாசம் எழுதி எடுத்துக்கிட்டு ஹைகிரவுண்டு பெரிய ஆஸ்பத்திரியில நரம்பியல் டாக்டரைப் பாரு."

பழைய கணக்கு நோட்டுல மிச்சமிருந்த பக்கத்துல கோடு போட்டேன். தேதி, வலி தொடங்கின நேரம், விட்ட நேரம், எந்தப் பக்கம், வாந்தி உண்டா, என்ன மாத்திரை எத்தனை போட்டேன், முந்தின நாள் தூக்கம், காலைச் சாப்பாடு, மாதவிலக்கு நாள். அவ்வளவுதான். ரெண்டு மாசத்துல ஒன்பது தடவை வலி வந்திருந்தது. அதுல நாலு, மாதவிலக்கை ஒட்டின நாள். மூணு, வெள்ளிக்கிழமை விரதம்னோ வேலைன்னோ காலையில சாப்பிடாத நாள். ரெண்டு, கோயில் கொடைக்கு ராத்திரி முழிச்ச மறுநாள். இத்தனை வருஷமா சொல்லத் தெரியாத ஒண்ணு, நாலு பக்கத்துல கண்ணுக்கு முன்னால வந்து நின்னது.

ஆரம்ப சுகாதார நிலையத்துல சீட்டு எழுதி வாங்கிக்கிட்டு, நானும் எங்க வீட்டுக்காரரும் முதல் பஸ்ஸுக்குப் போனோம். ஓ.பி. சீட்டு போட்டு, வரிசையில இருந்து, நரம்பியல் டாக்டரைப் பார்க்க மத்தியானம் ஆயிட்டு. அவங்க ஸ்கேனை ஓரமா வச்சுட்டு முதல்ல நோட்டைத்தான் வாங்கிப் படிச்சாங்க. பிறகு கேள்வி. துடிக்கிற வலியா, அழுத்துற வலியா? நடந்தா கூடுதா? வெளிச்சம், சத்தம் ஆகலையா? அம்மாவுக்கு இருந்ததா? எங்க அம்மாவுக்கும் மண்டையிடி வரும்னு அன்னைக்குத்தான் எனக்கே ஞாபகம் வந்தது. கண்ணுல லைட் அடிச்சுப் பார்த்தாங்க, முட்டியில சுத்தியலால தட்டினாங்க, நேர்கோட்டுல நடக்கச் சொன்னாங்க. எல்லாம் முடிச்சுட்டு, "இது மைக்ரேன். ஒற்றைத் தலைவலின்னு சொல்றது. இது நிஜமான நோய்"னாங்க.

ஸ்கேன்ல ஏன் தெரியலைன்னு எங்க வீட்டுக்காரர் கேட்டார். டாக்டர் விளக்கினாங்க. கட்டி, ரத்தக்கசிவு மாதிரி வேற காரணம் இருக்கான்னு பார்க்கத்தான் ஸ்கேன். மைக்ரேன் அதுல தெரியாது. நோயாளி சொல்றதை வச்சுத்தான் அதைக் கண்டுபிடிக்கணும். மருந்து போடாம விட்டா 4 மணி நேரத்துல இருந்து 72 மணி நேரம் வரைக்கும் இருக்கும். குமட்டலோ, வெளிச்சமும் சத்தமும் ஆகாததோ சேர்ந்து வரும். இதே மாதிரி அஞ்சு தடவையாவது வந்திருக்கணும். ஒற்றைத் தலைவலின்னு பேர் இருந்தாலும் சிலருக்கு ரெண்டு பக்கமும் வலிக்கும். சிலருக்கு வலிக்கு முன்னால கண்ணுல மின்னல் கோடு மாதிரி தெரியும்.

திரும்பி வர்றப்ப பேட்டை தாண்டுற வரைக்கும் அவர் ஒண்ணும் பேசலை. அதுக்கப்புறம், "இனிமே உனக்கு வலி வந்தா பிள்ளையளை நான் பார்த்துக்கிடுதேன்"னார். மாத்திரை வேலை செய்யறதுக்கு முன்னாலயே எனக்குப் பாதி பாரம் இறங்கின மாதிரி இருந்தது. நோய்க்கு ஒரு பேர் கிடைக்கிறது அவ்வளவு பெரிய விஷயம்.

இது எனக்கு மட்டும் வந்ததில்லை. உலகம் முழுக்க ஆண்களைவிட பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகமா வருது. பெங்களூரு நிமான்ஸ் மருத்துவர்கள் சேர்ந்து கர்நாடகத்துல வீடு வீடாப் போய்க் கேட்ட ஆய்வுல, ஒரு வருஷத்துக்குள்ள மைக்ரேன் வந்தவங்க நாலு பேர்ல ஒருத்தர். பட்டணத்தைவிட கிராமத்துல அதிகம். 35-லிருந்து 45 வயசுக்குள்ள அதிகம். அது நம்ம வயசுதான், சகோதரிகளே.

மருந்து ரெண்டு வகை. வலி வந்த உடனே போடுறது ஒண்ணு. வலி அடிக்கடி வராம இருக்க தினமும் போடுறது இன்னொண்ணு. தினசரி மருந்து வேலை செய்யச் சில வாரம் ஆகும், பத்து நாள்ல கேக்கலைன்னு நிறுத்தக் கூடாது. பேரை நான் சொல்ல மாட்டேன். ஆஸ்துமா, பிரஷர், கர்ப்பம் இதையெல்லாம் பார்த்து ஆளுக்கு ஆள் மாறும். கருத்தடை மாத்திரை சாப்பிடுறவங்க அதையும் கட்டாயம் டாக்டர்கிட்ட சொல்லணும். மின்னல் கோடு தெரியுற மைக்ரேன் இருந்தா சில கருத்தடை மாத்திரை ஆகாது, பக்கவாதம் வர வாய்ப்பு கூடும்.

கடை மாத்திரையைப் பத்தி ஒரு கணக்கு சொல்றேன், மனசுல வச்சுக்கோங்க. சாதாரண வலி மாத்திரையை மாசத்துல 15 நாளோ அதுக்கு மேலயோ தொடர்ந்து போட்டா, அந்த மாத்திரையே தலைவலியை உண்டாக்கும். பல மருந்து கலந்த மாத்திரைன்னா 10 நாளே போதும். தினமும் வலிக்குது, அதனால தினமும் போடுறேன்னு சொல்றவங்க, தினமும் போடுறதாலதான் வலிக்குதான்னு டாக்டர்கிட்ட கேட்கணும்.

கொடைக்குக் கொடை வலி வந்தப்ப, சாமி குத்தமோன்னு வீட்டுப் பெரியவங்க பயந்தாங்க. நோட்டைப் பார்த்தா காரணம் தெரியுது. ராத்திரி முழுக்க முழிப்பு, நேரத்துக்குச் சாப்பாடு இல்லை, தவில் சத்தம், கண்ணைக் கூசுற சீரியல் லைட். நான் இப்பவும் கொடைக்குப் போறேன், பொங்கல் வைக்கேன். நேரத்துக்குச் சாப்பிட்டுட்டு, சாமக் கொடைக்கு முன்னால வீட்டுக்கு வந்து தூங்குறேன். சாமி கோவிச்சுக்கலை. பீடி சுத்துறதும் இப்ப திண்ணையில காத்து வர்ற இடத்துலதான். புகையிலை நெடி அடைச்ச அறையில குனிஞ்சே உட்கார்றது கழுத்துக்கும் தலைக்கும் ஆகாது.

வலி முழுசாப் போயிட்டுன்னு சொன்னா அது பொய். மாசத்துக்கு ஒண்ணோ ரெண்டோ வருது. வந்த உடனே மாத்திரை போட்டா சாயங்காலம் அடுப்படிக்குப் போயிருவேன். 6,500 ரூபாய் கடனையும் தவணை தப்பாமக் கட்டி முடிச்சுட்டேன்.

ஆனா எல்லாத் தலைவலியும் மைக்ரேன் இல்லை. சில வலிக்கு நோட்டு எழுதிக்கிட்டு இருக்கக் கூடாது, உடனே 108-ஐக் கூப்பிடணும். இடி விழுந்த மாதிரி திடீர்னு, இதுவரைக்கும் வராத அளவுக்கு வலி வந்தா. கை கால் ஒரு பக்கம் விழுந்தா, பேச்சு குழறினா, வலிப்பு வந்தா. காய்ச்சலோட கழுத்து விறைச்சா. தலையில அடிபட்ட பிறகு வலி கூடிக்கிட்டே போனா. திடீர்னு பார்வை மங்கினா. கர்ப்பிணிக்கு அஞ்சு மாசத்துக்கு மேல கடுமையான தலைவலி வந்தா ரத்தக்கொதிப்பா இருக்கலாம். பிரசவம் ஆன பிள்ளைத்தாய்ச்சிக்கு வந்தா மூளை ரத்தக்குழாய்ல ரத்தம் உறைஞ்சிருக்கலாம். பச்சை உடம்புக்காரிக்குத் தண்ணி கொடுக்கக் கூடாதுன்னு பெரியவங்க சொல்வாங்க. தண்ணி குறைஞ்சா ரத்தம் உறையுற ஆபத்து கூடும். அவளுக்குத் தாகத்துக்குத் தண்ணி கொடுங்க. 50 வயசுக்கு மேல புதுசா ஆரம்பிக்கிற தலைவலியையும் சும்மா விடாதீங்க.

நம்ம கூட்டமைப்புக்கு மூணு வேண்டுகோள் வைக்கிறேன்.

முதலாவது, உறுப்பினர் நோட்டுல கடைசிப் பக்கத்தை உடம்புக் கணக்குக்கு ஒதுக்குங்க. எழுதத் தெரியாதவங்களுக்கு ஊக்குநர் எழுதிக் கொடுக்கலாம்.

இரண்டாவது, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போறவளைத் தனியா அனுப்பாதீங்க. ஹைகிரவுண்டுல எந்தக் கிழமை எந்த ஓ.பி.ன்னு விசாரிச்சு வச்சிருக்கிற ஒரு ஆள் ஒவ்வொரு ஊராட்சியிலும் இருக்கணும். சந்தேகம் கேட்க 104-க்குப் போன் பண்ணலாம். பீடி அட்டை இருக்கிறவங்களுக்கு முக்கூடல்ல பீடித் தொழிலாளர் மருத்துவமனை இருக்கு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள்ள இருந்தா முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை இப்பவே எடுத்து வைங்க. நோய் வந்த பிறகு அதுக்கு அலைய முடியாது.

மூணாவதுக்குக் காசு செலவில்லை. ஒருத்தி தலைவலின்னு கூட்டத்துக்கு வரலைன்னா, அபராதம் எழுதுறதுக்கு முன்னால அவ வீட்டுக்கு ஒருத்தர் போய்ப் பாருங்க. "நடிக்கா"ங்கிற வார்த்தையை நம்ம குழுவுக்குள்ள யாரும் சொல்ல வேண்டாம்.

1989-ல தர்மபுரியில அரசு மகளிர் குழுக்களைத் தொடங்கினப்போ, பெண்களுக்குக் கணக்கு எழுத வருமான்னு கேட்டவங்க உண்டு. இன்னைக்கு நம்ம நோட்டை நம்பி வங்கி லட்சக்கணக்குல கடன் கொடுக்குது. அந்தக் கையால நம்ம உடம்புக் கணக்கையும் எழுதுவோம். எழுதி எடுத்துக்கிட்டுப் போனா டாக்டரும் நம்புவாங்க, வீடும் நம்பும்.