திரும்பி வரும் வழி



பட்டம் பெற்ற மாணவிகளைப் புகழ்வதே கல்லூரிப் பட்டமளிப்பு மேடையின் சம்பிரதாயம். எனினும், படிப்பு முடியுமுன் வெளியேறியவர்களைப் பற்றிச் சிறிது பேசச் சபையோர் அனுமதிக்க வேண்டுகிறேன்.

அமெரிக்காவில் கல்லூரிக் கூடைப்பந்து ஆடும் வாலிபன், பட்டம் கைக்கு வரும்வரை பொறுத்திருப்பதா, பெருஞ்சம்பளம் தரும் தொழில்முறைக் குழுவுக்கு இடையிலேயே போய்விடுவதா என்பது வருஷந்தோறும் எழுகின்ற விவாதம். டிம் டங்கன், தாய்க்குக் கொடுத்த வாக்கைக் காப்பதற்காக நான்காண்டும் இருந்து, 1997இல் பட்டத்தோடு வெளியே வந்தார். மைக்கேல் ஜோர்டானும் ஷகீல் ஓ'நீலும் மூன்றாம் ஆண்டோடு கிளம்பிவிட்டார்கள். ஆயினும் ஜோர்டான் பின்னர் விட்ட பாடங்களைப் படித்து முடித்தார். ஓ'நீலோ, கீர்த்தியும் செல்வமும் மிகுதியாகச் சேர்ந்துவிட்ட பிறகு, 2000ஆம் ஆண்டில் பட்டம் வாங்கினார். அவர்கள் துணிந்து போனதைவிட, திரும்பி வந்தபோது அவர்களுடைய கல்லூரிகள் கதவைத் திறந்து வைத்திருந்ததே எனக்கு விசேஷமாகத் தோன்றுகிறது.

விளையாட்டிலோ, ஒருமுறை போனவருக்குத் திரும்பி வரும் கதவே அடைபட்டிருந்த காலமும் உண்டு. நாகர்கோவிலில் பிறந்த டென்னிஸ் வீரர் ராமநாதன் கிருஷ்ணனை, மூன்றாண்டுகளுக்கு ஒன்றரை லட்சம் டாலர் தருவதாகச் சொல்லி, 1959இல் ஜாக் கிரேமர் தம் தொழில்முறை ஆட்டக்காரர்களோடு சேர அழைத்தபோது, சம்மதித்தவர் விம்பிள்டனிலும் டேவிஸ் கோப்பையிலும் பிறகு கால்வைக்க முடியாது என்பதே அக்கால நியதி. அவர் மறுத்தார். 1960, 1961 ஆகிய இரு வருஷங்களிலும் விம்பிள்டன் அரையிறுதி வரை சென்றார். 1966இல் இந்தியாவை டேவிஸ் கோப்பை இறுதிப் போட்டிக்குக் கொண்டு சேர்த்தவர்களுள் முதன்மையானவராக நின்றார்.

நம் நாட்டில் கூடைப்பந்தாடும் பெண்ணைத் தேடி லட்சக்கணக்கில் டாலர் வருவதில்லை. வருவது விளையாட்டு ஒதுக்கீட்டில் ஓர் உத்தியோகம். இந்திய அணிக்குத் தலைமை வகித்து, 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்ற சென்னை அனிதா பால்துரை தெற்கு ரயில்வேயில் பணிபுரிந்தவர்தாம். ரயில்வேயின் அந்த ஒதுக்கீட்டுக்கு வயது வரம்பு 18 முதல் 25 வரை. ஆட்டத்தில் காட்டிய சாதனையோடு கல்வித் தகுதியையும் பார்க்கிறார்கள்: ஊதிய நிலை 4, 5 ஆகியவற்றுக்குப் பட்டம் வேண்டும், பன்னிரண்டாம் வகுப்போடு நின்றவருக்கு 2 அல்லது 3. ஆகவே, இறுதியாண்டில் இருப்பவள் பரீட்சை எழுதிவிட்டுப் போவதே புத்தி என்பது என் அபிப்பிராயம். ஆனால், வீட்டில் அடுப்பெரிய அச்சம்பளமே கதி என்றிருப்பவளிடம் இதைச் சொல்ல எனக்கு நாவெழாது.

இடையில் கிளம்புவது நம் காயல்பட்டினத்துக்குப் புதிதன்று. கொழும்புக்கும் கல்கத்தாவுக்கும் ஹாங்காங்குக்கும் வியாபாரத்துக்காகச் சபர் எனும் பயணம் போன ஆண்மக்களின் சம்பாத்தியத்தில் வளர்ந்த பட்டினம் இது. படிப்பை நடுவில் விட்டுப் போனவன் என்று அவர்களில் யாரையும் எவரும் பழித்ததில்லை. பெண்மக்களின் கதை வேறு. அவர்கள் படிப்பைப் பந்து நிறுத்தியதாக நான் கேள்விப்பட்டதில்லை. கலியாணத் தேதி நிறுத்தியதாகத்தான் கேட்டிருக்கிறேன். (பெற்றோர்கள் கோபிக்க வேண்டாம், பந்தியில் எனக்கும் இடம் போட்டு உபசரித்தவர்கள் நீங்கள்.) மணமான பின்னும் பெண் தாய்வீட்டிலேயே இருக்க, மாப்பிள்ளை அங்கே வருவது காயலின் வழக்கம். வேற்றூரில் புகுந்த வீட்டுக்குப் போய்விட்ட பெண்ணுக்கில்லாத சௌகரியம் அது. கல்லூரி அதே தூரத்தில், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள உம்மா அதே வீட்டில். அப்படியிருக்க, பாக்கியிருக்கும் இரண்டு பருவத் தேர்வுகளை எழுத எது தடை என்று எவ்வளவு யோசித்தும் எனக்கு விளங்கவில்லை.

ஆதலால் கல்லூரி முதல்வர் அவர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஆட்டத்துக்காகவோ, உத்தியோகத்துக்காகவோ, கலியாணத்துக்காகவோ இடையில் நின்ற மாணவிகளின் பெயர்ப்பட்டியல் அலுவலகத்தில் இருக்கும். அதை எடுத்து, ஒவ்வொருத்திக்கும் எத்தனை தாள் பாக்கி, பல்கலைக்கழக விதிப்படி எந்தத் தேதிக்குள் எழுதலாம் என்று கணக்கிட்டு, அவரவர் வீட்டு விலாசத்துக்கு ஒரு கடிதம் அனுப்புங்கள்.