கள்ளும் களிப்பும்

சிறுவாச்சூரில் ஜும்ஆ உரையாகச் சொன்னதைச் சுருக்கி இங்கே தருகிறேன்.

மூளையிலுள்ள இரசாயனங்களின் சேர்க்கைதான் மனம், அதற்கப்பால் ரூஹ் என்று ஒன்று எதற்கு என்று கல்லூரியில் பயிலும் நம் பிள்ளைகள் கேட்கின்றனர். நம் தமிழகத்துக்கு இது பழைய கேள்வி. மணிமேகலைக் காப்பியத்தில் வஞ்சி நகரத்துப் பூதவாதி இதையே வாதிடுகிறான். தாதகிப் பூவையும் வெல்லக்கட்டியையும் பிறவற்றையும் கூட்டினால் மதுவின் களிப்பு உண்டாவதுபோல, பூதங்கள் கூடினால் உணர்வு உண்டாகும் என்கிறான்.

எளிதில் தள்ளிவிடக்கூடிய வாதமல்ல இது. பூவில் ஒட்டியுள்ள ஈஸ்ட் வெல்லத்தின் சர்க்கரையைச் சாராயமாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. முன்பில்லாத குணம் சேர்க்கையில் தோன்றுவது உண்மைதான். ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் சி.டி. பிராட், 1925-இல் வெளியான தம் நூலில், கூட்டுப்பொருளின் குணத்தை அதன் கூறுகளைக் கொண்டு முன்னறிய முடியாது, மனமும் அவ்வாறே என்றார். இரண்டே ஆண்டுகளில், 1927-இல், ஹெய்ட்லரும் லண்டனும் ஹைட்ரஜன் அணுக்கள் பிணையும் விதத்தைக் கணக்கிட்டுக் காட்டிவிட்டனர். வேதியியலின் புதிர் அவிழத் தொடங்கியது. மனத்தின் புதிர் அப்படியே நிற்கிறது.

ஏன்? பூதவாதியின் உவமையையே உற்றுக் கவனியுங்கள். குடத்தில் களிப்பு இருக்கிறதா? அங்கே சாராயம்தான் இருக்கிறது. களிப்பு குடித்தவனுக்கு. உணர்வுள்ள ஒருவன் முன்னரே இருந்தால்தான் அது பிறக்கும். உணர்வின் பிறப்பைக் காட்ட வந்த உவமை, உணர்வைக் கடன் வாங்கிக்கொண்டு பேசுகிறது!

இதைக் கேட்டு மகிழ்ந்து, இரசாயனம் மனத்தைத் தொடாது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மது அறிவை மறைப்பதால்தானே ஹராம்? பொருள் அறிவைத் தொடும் என்பது ஷரீஅத் அறிந்த செய்தி. அறிவைக் கெடுக்கும் பொருள் உண்டென்றால் அதைச் சீராக்கும் பொருளும் இருக்கலாமல்லவா? 1949-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட், லித்தியம் என்ற எளிய தனிமத்தின் உப்பு கடும் மனவெறியைத் தணிப்பதை வெளியிட்டார். இன்றும் அது மருந்தாக உள்ளது.

ஆனால் நம் வீடுகளில் நடப்பதென்ன? மனநோய்க்கு மாத்திரை உண்பவரை “ஈமான் குறைந்தவர்” என்று ஏசி, ஓதிப் பார்த்தால் போதும் என்று மருந்தை நிறுத்தச் சொல்கிறோம். நீரிழிவுக்காரரிடம் இப்படிச் சொல்வோமா? லித்தியத்தைத் திடீரென நிறுத்தினால் நோய் திரும்பும் அபாயம் மிகும். ரூஹைப் பற்றி நமக்குத் தரப்பட்ட அறிவு சொற்பமே என்று பனீ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 85-ஆம் வசனம் அறிவிக்கிறது. அந்தச் சொற்ப அறிவை வைத்துக்கொண்டு பிறருடைய மருந்தில் கை வைக்காதீர்கள். துஆவும் ஓதுங்கள், மாத்திரையை நேரத்துக்குக் கொடுங்கள், இரத்தப் பரிசோதனைக்கு நீங்களே உடன் அழைத்துச் செல்லுங்கள்.