பத்து வருஷமாகப் பச்சையாக இருக்கும் மலை



ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் ஒரு மலையைக் கவ்வாத்து வெட்டினால், அதாவது செடிகளைக் குறுக்கி வெட்டிவிட்டால், மேலே சுற்றும் செய்மதிக்கு அது அழிவாகவே தெரியும். பச்சை இருந்த இடத்தில் வெறும் குச்சியும் மண்ணும். முந்தைய படத்தோடு ஒப்பிடும் கணினி, இங்கே தாவரம் போய்விட்டது என்று குறித்துக்கொள்ளும். தோட்டத்துச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், சில மாதத்தில் அங்கே கொழுந்து துளிர்க்கும் என்று.

செய்மதி நம் கண்ணுக்கு எட்டாத அகச்சிவப்பு ஒளியையும் பதிகிறது. உயிருள்ள இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொண்டு, அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பிவிடும். இரண்டையும் வைத்துக் கணக்குப் போட்டால், ஓர் இடம் எவ்வளவு பச்சை என்று எண்ணாகச் சொல்லலாம். அமெரிக்காவின் முதல் லேண்ட்சாட் 1972இல் மேலே போனது. நம் நாட்டில் காணிச் சீர்திருத்தச் சட்டம் வந்ததும் அதே வருஷந்தான். தோட்டங்கள் அரசுக்குப் போனதும், 1992இல் நிர்வாகம் கம்பனிகளின் கைக்கு வந்ததும் இந்தச் செய்மதிகளின் காலத்துக்குள் நடந்தவை. 2008 முதல் அந்தப் படங்களை எவரும் காசில்லாமல் எடுத்துப் பார்க்கலாம்.

ஆனால் ஒரு படத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது. வருஷக்கணக்காக வரிசைப்படுத்திப் பார்க்க வேண்டும். கவ்வாத்து மூன்று முதல் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை வரும் வேலை. பராமரிப்புள்ள மலை அந்தக் கணக்கில் பழுப்பாகிப் பச்சையாகும். கந்தப்பளை, ராகலைப் பக்கம் கரட்டும் லீக்ஸும் உருளைக்கிழங்கும் போடும் நிலமோ ஒரே வருஷத்தில் இரண்டு மூன்று தடவை நிறம் மாறும். ஒவ்வொரு தடவையும் கொத்திய மண் திறந்து கிடக்கும். அந்த நேரம் பெருமழை பிடித்தால் மண் ஓடையோடு போய்விடும். 1873இல் ஆளுநர் கிரகரி காலத்தில் உண்டான நுவரெலியா ஏரி சேறு கட்டுவதற்கு, சுற்றுச் சரிவுகளிலிருந்து இறங்கும் மண்ணும் ஒரு காரணம்.

எனக்குப் பெரிய கவலை மூன்றாவது வகை. பத்து வருஷமாக இடைவிடாமல் பச்சையாகவே இருக்கும் தேயிலை மலை! கணினி அதற்கு நல்ல புள்ளி போடும். பசுமை கூடிவிட்டது என்று அறிக்கையும் எழுதிவிடலாம். உண்மையில் அங்கே கவ்வாத்து இல்லை, கொழுந்தெடுக்க ஆள் போவதில்லை. மானாப்புல்லும் பற்றையும் தேயிலையை மூடிவிட்டன. கோடையில் ஒரு பொறி போதும், மானா பற்றிக்கொள்ளும். கைவிட்ட மலையைப் படத்தில் கண்டுபிடிக்க வேண்டுமானால், வர வேண்டிய பழுப்பு எங்கே வராமல் போயிற்று என்றுதான் தேட வேண்டும்.

மண்சரிவின் பழுப்பு வேறு. உச்சியிலிருந்து பள்ளம் வரை கீறிவிட்டதுபோல நீண்டு கிடக்கும், சீக்கிரம் ஆறாது. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயன் வீடுகளை மூடிய சரிவையும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகமெங்கும் இறக்கிய சரிவுகளையும் நாம் மறக்கவில்லை. பெருமழை நேரத்தில் சாதாரணச் செய்மதிக்கு முகில்தான் தெரியும். முகிலை ஊடுருவிப் பார்ப்பது ராடார்ச் செய்மதி. ஐரோப்பாவின் சென்டினல்-1 அப்படிப்பட்டது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். லேண்ட்சாட் படத்தின் ஒரு கட்டம் தரையில் முப்பது மீற்றருக்கு முப்பது மீற்றர். தோட்ட வீட்டுத் திட்டங்களில் பேசப்பட்ட 7 பேர்ச் காணி ஐந்து, அந்த ஒரு கட்டத்துக்குள் அடங்கும். கட்டத்தின் மீது கணினி "தேயிலை" என்று எழுதியிருக்கும்; உள்ளே ஐந்து குடும்பம் குடியிருக்கலாம். எந்த லயனை விட்டு எழும்ப வேண்டும், எந்தச் சரிவில் வீடு கட்டலாம் என்று சொல்ல, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தார் படத்தைப் பார்த்த பிறகும் மலை ஏறி வருவது இதனால்தான். அப்படி வரும்போது அந்தத் தோட்டத்தில் மலைகளின் நம்பர் தெரிந்த ஒருவரையும் கூட்டிக்கொண்டு நடந்தால் நல்லது.