பெட்டகத்துப் பதிவுகளை வகைமாற்றுதல்

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்துருவம்)



கடவுச்சொற்களைக் காக்கும் மென்பொருளில், ஏற்கெனவே எழுதிவைத்த பதிவுகளை ஒரு வகையிலிருந்து மற்றொரு வகைக்கு மாற்றுவது எங்ஙனம் என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். இது ஒரு பெரிய விஷயமா, ஒரு தட்டில் இருப்பதை எடுத்து மறு தட்டில் வைப்பதுதானே என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். விதைநெல்லும் நெல்தான், உணவுநெல்லும் நெல்தான். ஆனால் எந்தக் கோர்க்காலியில் எது கிடக்கிறதென்று அறியாத வீட்டில், விதைப்புக் காலம் வரும்போதுதான் கலக்கம் பிறக்கும். நமது கடவுச்சொற்களின் நிலையும் இத்தகையதே.

கணினிக்குக் கடவுச்சொல் வைக்கும் வழக்கம் 1960களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் மசாச்சுசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில், பெர்னாண்டோ கோர்பாட்டோ என்னும் அறிஞரின் குழுவினர் அமைத்த காலப்பகிர்வு முறைமையிலே இடம்பெற்றது. ஒரே கணினியைப் பலர் பயன்படுத்தினர். ஆதலால் ஒருவரது கோப்பை மற்றவர் பாராதிருக்க ஒரு மறைசொல் வேண்டியதாயிற்று. அக்காலத்தில் ஒருவருக்கு ஒரு சொல் போதுமானதாயிருந்தது. இன்றோ வங்கிக்கு ஒன்று, மின்னஞ்சலுக்கு ஒன்று, தொலைபேசிக் கட்டணத்துக்கு ஒன்று, பிள்ளையின் பாடநெறிக்கு ஒன்று என்று பெருகிவிட்டன. இவற்றையெல்லாம் நினைவில் வைத்திருத்தல் மனிதரால் ஆகாத காரியம். எனவே 1997 இல் புரூஸ் ஷ்னையர் ‘பாஸ்வேர்ட் சேஃப்’ என்ற மென்பொருளைத் தந்தார். 2003 இல் டொமினிக் ரைக்ல் என்பவரின் ‘கீபாஸ்’ வெளிவந்தது. 2016 இல் ‘பிட்வார்டன்’ தோன்றியது. ஒரு தலைமைக் கடவுச்சொல்லை நாம் நினைவில் வைத்தால் ஏனையவற்றை மறைகுறியாக்கிப் பெட்டகத்தில் வைத்துக் காப்பதே இவற்றின் பணி.

அன்பர்களே, இத்தகைய பெட்டகத்தில் ‘வகை’ என்னும் ஒரு சொல்லால் நாம் மூன்று வேறு பொருள்களைக் குறிக்கின்றோம். ஒன்று, பதிவு கிடக்கும் இடம். மற்றது, பதிவின் இனம். மூன்றாவது, பதிவின் உரிமை. வகையை மாற்றப் புகுமுன், இம்மூன்றில் எதை மாற்றுகின்றோம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். இன்று நான் சொல்ல விரும்புவதன் சாரம் இதுவே.

முதலில் இடத்தை எடுத்துக்கொள்வோம். கீபாஸில் பதிவுகள் குழுக்களாக அடுக்கப்பட்டிருக்கும். பொதுக்குழுவிற் கிடக்கும் ஒரு பதிவை வங்கிக்குழுவுக்கு மாற்ற விரும்பினால், சுட்டியினால் பற்றி இழுத்து அங்கே விட்டாற் போதும். கடவுச்சொல்லோ, குறிப்போ, பதிவின் பழைய வரலாறோ எதுவும் குறைவதில்லை. பிட்வார்டனில் இதற்குக் கோப்புறைகள் உண்டு. பல பதிவுகளை ஒருங்கே தெரிந்து ஒரே தடவையில் இன்னொரு கோப்புறைக்கு நகர்த்தலாம். கோப்புறையையே நீக்கிவிட்டாலுங்கூட உள்ளிருந்த பதிவுகள் அழிவதில்லை. ‘கோப்புறை இல்லாதவை’ என்ற பகுதிக்குப் போய்ச் சேரும். ஆகவே இடமாற்றத்துக்கு எவரும் அஞ்சவேண்டியதில்லை.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. குழுவும் கோப்புறையும் பூட்டில்லாத தட்டுகள். கீபாஸ் கோப்பின் தலைமைச் சொல்லை அறிந்த ஒருவருக்கு அதிலுள்ள எல்லாக் குழுக்களும் திறந்தே இருக்கும். ‘அந்தரங்கம்’ என்று ஒரு குழுவுக்குப் பெயர் சூட்டிவிடுவதால் அது அந்தரங்கமாகிவிடாது. பிறர் பார்க்கலாகாதவற்றை வேறொரு கோப்பில், வேறொரு தலைமைச் சொல்லின் கீழ் வைத்தலே முறை.

இனி, இனத்துக்கு வருவோம். சங்கடம் பெரும்பாலும் இங்கேதான் உண்டாகின்றது. பிட்வார்டனில் உள்நுழைவு, அட்டை, அடையாளம், பாதுகாப்புக் குறிப்பு என்பன முதன்மையான இனங்கள். பதிவை உருவாக்கும்போது தெரிந்த இனத்தைப் பின்னர் மாற்றுதற்கு அதில் வழியில்லை. குறிப்பாகத் தொடங்கியது குறிப்பாகவே இருக்கும்.

பெரியோர்கள் பலர் தம் கடவுச்சொற்களை ஒரு சிறு கொப்பியில் எழுதி வைத்திருப்பது வழக்கம். வீட்டுப் பிள்ளை ஒருவர் அன்போடு அதனை வாங்கி, வங்கி, ஓய்வூதியம், மின்னஞ்சல் எல்லாவற்றையும் ஒரே பாதுகாப்புக் குறிப்பில் வரிவரியாக எழுதி வைத்துவிடுகின்றார். இது காப்பற்ற செயலன்று. குறிப்பும் உள்நுழைவைப் போலவே மறைகுறியாக்கப்படுகின்றது. ஆனால் அக்குறிப்பு வெறும் எழுத்து. எந்தத் தளத்துக்கு எந்தச் சொல் என்பதை மென்பொருள் அறியாது.

இதனால் வரும் நட்டம் யாது? உள்நுழைவு இனத்துப் பதிவில் இணைய முகவரிக்கெனத் தனி இடம் உண்டு. திறந்திருக்கும் பக்கத்தின் முகவரியும் பதிவிலுள்ள முகவரியும் ஒத்தால் மாத்திரமே மென்பொருள் கடவுச்சொல்லை எடுத்து நீட்டும். வங்கியின் பக்கத்தைப் போல வேடமிட்ட கள்ளப் பக்கமொன்று வந்தால், கண் ஏமாறினாலும் மென்பொருள் ஏமாறாது, அது வாளாவிருக்கும். அந்த மௌனமே ஓர் எச்சரிக்கை. குறிப்பிலிருந்து தாமே பிரதி செய்து ஒட்டுகின்ற முதியவருக்கு இந்தக் காவல் இல்லை. அன்றியும், பலவீனமான கடவுச்சொற்களையும் ஒன்றையே பல இடங்களில் பாவித்திருப்பதையும் எடுத்துக்காட்டும் அறிக்கைகள் உள்நுழைவுப் பதிவுகளைத்தான் ஆராய்கின்றன. குறிப்புக்குள் கிடக்கும் சொல் அவற்றின் பார்வைக்கு எட்டாது.

அப்படியானால் இனத்தை மாற்றுவது எங்ஙனம்? குறிப்பிலுள்ள ஒவ்வொரு கணக்குக்கும் புதிதாக ஓர் உள்நுழைவுப் பதிவை உருவாக்குங்கள். பயனர் பெயர், கடவுச்சொல், இணைய முகவரி என்பவற்றை அவ்வவற்றுக்குரிய இடத்தில் இடுங்கள். முகவரியைக் கடிதத்திலோ குறுஞ்செய்தியிலோ வந்த இணைப்பிலிருந்து எடுக்காமல், அந்நிறுவனத்தின் உண்மையான பக்கம் இதுவே என்று உறுதிசெய்து எழுதுங்கள். பின்னர் அப்பதிவைக்கொண்டு ஒருமுறை கணக்குக்குள் நுழைந்து பாருங்கள். நுழைய முடிந்த பின்னரே பழைய குறிப்பிலிருந்து அந்த வரியை நீக்குங்கள். குறிப்போடு இணைத்துவைத்த ஆவணங்கள் இருந்தால் அவற்றையும் மறவாது மாற்றுங்கள். எல்லாம் முடிந்தபின் குறிப்பை அழித்தாலும், பிட்வார்டனின் குப்பைக்கூடையில் அது 30 நாட்கள் கிடக்கும். அந்தத் தவணைக்குள் ஒவ்வொரு கணக்கையும் மறுபடி பரிசோதித்துக் கொள்ளலாம்.

பதிவுகள் மிகப் பலவாயின், பெட்டகத்தை ஒரு கோப்பாக வெளியே எடுத்து, அட்டவணையில் திருத்தி, மீண்டும் உட்செலுத்துவோரும் உளர். இம்முறை விரைவானது, ஆனால் மூன்று கவனங்கள் வேண்டும். பிட்வார்டன் தரும் சீ.எஸ்.வி. கோப்பில் உள்நுழைவுகளும் குறிப்புக்களும் மாத்திரமே வரும். அட்டைகளும் அடையாளங்களும் வாரா. அதனை முழுப் பிரதியென நம்பிப் பெட்டகத்தை வெறுமையாக்கினால் அவை போனவையே. இரண்டாவது, திருத்திய கோப்பை உட்செலுத்தும்போது பழைய பதிவுகள் தாமாக நீங்குவதில்லை. பழையதும் புதியதும் அருகருகே நின்று, எது சரி என்ற மயக்கத்தை உண்டாக்கும். மூன்றாவது, அக்கோப்பு மறைகுறியற்ற வெற்றெழுத்து. கணினியில் அதனை விட்டுவைத்தல், வீட்டுத் திறப்புக்கோவை முழுவதையும் படலையிற் கொழுவி விடுவதற்கு ஒப்பாகும். வேலை முடிந்தவுடன் அதனை அழித்துவிட வேண்டும்; காப்புப்பிரதி தேவையாயின் கடவுச்சொல்லிட்டு மறைகுறியாக்கிய கோப்பாகவே எடுக்க வேண்டும்.

ஒரு மென்பொருளிலிருந்து மற்றொன்றுக்குக் குடிபெயரும்போதும் இனக்குழப்பம் நேர்வதுண்டு. 2022 இல் ‘லாஸ்ட்பாஸ்’ நிறுவனத்திலிருந்து வாடிக்கையாளர் பெட்டகங்களின் காப்புப்பிரதிகள் திருடப்பட்டன. கடவுச்சொற்களும் குறிப்புக்களும் மறைகுறியில் இருந்தன. இணைய முகவரிகளோ மறைகுறியின்றி இருந்தன. இச்செய்தி அவ்வாண்டு டிசெம்பரில் வெளியானபின் பலர் வேறு பெட்டகங்களை நாடினர். அந்த மென்பொருள் வெளியேற்றும் கோப்பில் குறிப்புக்களுக்கும் ஒரு போலி முகவரி இடப்பட்டிருக்கும். அதனை அறியாத மென்பொருள் அவற்றையும் உள்நுழைவுகளாகவே ஏற்றுக்கொள்ளும். ஆதலால் குடிபெயர்ந்த பின்னர் பதிவுகளை ஒருமுறை கண்ணால் பார்த்து ஒழுங்குபடுத்தல் அவசியம்.

மூன்றாவது, உரிமை. இது நம்மைப் போன்ற மன்றங்களுக்கு மிகவும் வேண்டியது. பிட்வார்டனில் கோப்புறை தனியாளுக்குரியது. அதனைப் பிறர் காணார். ‘தொகுப்பு’ என்பதோ ஓர் அமைப்புக்குரியது. ஒரு பதிவை அமைப்பின் தொகுப்புக்கு நகர்த்தும் கணத்தில் அதன் உடைமை அமைப்பைச் சேர்கின்றது. அத்தொகுப்பைப் பார்க்க அனுமதி பெற்றோர் யாவருக்கும் அது கிடைக்கும். பார்வைக்கு இரண்டும் தட்டுகள் போலவே தோன்றும். தந்தையின் ஓய்வூதியக் கணக்கைக் கோப்புறைக்கு நகர்த்துவதாக எண்ணித் தொகுப்புக்கு நகர்த்தினால், அது செயற்குழுவினர் கைக்கு எட்டிவிடும். மறுபுறம், மன்றத்து மின்னஞ்சலின் கடவுச்சொல்லைச் செயலாளர் தம் சொந்தக் கோப்புறையிலேயே வைத்திருந்தால், அவர் பதவி விலகும் நாளில் மன்றம் வாசலில் நிற்க நேரிடும். ஒருமுறை பிறர் பார்வைக்குப் போன கடவுச்சொல்லைப் பதிவைத் திரும்ப எடுப்பதால் மீட்க முடியாது. சொல்லையே மாற்றிவிட வேண்டும்.

இளந்தோழர்களே! நம் பெரியோர்கள் தம் கணக்குகளின் திறப்பை நம்பி ஒப்படைப்பது உங்களிடந்தான். கணினியை நீங்கள் விரைவாகக் கையாளுகின்றீர்கள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் இக்காரியத்தில் விரைவிலும் பார்க்க நிதானமே பெரிது. மாற்றுமுன் அவர்களை அருகில் இருத்தி, எது எங்கே போகின்றது, யார் பார்க்கலாம் என்பதைச் சொல்லுங்கள். மாற்றிய பின் அவர்கள் கையாலேயே ஒருமுறை திறக்கச் செய்யுங்கள். நீங்கள் தொழிலுக்காகத் தூரதேசம் போயிருக்கும் ஒருநாளில், நோயாளியான தந்தையோ தனித்திருக்கும் தாயோ அப்பெட்டகத்தைத் திறக்க வேண்டிவரலாம். அன்றைக்கு வேண்டிய பதிவு தேடிய இடத்தில், வேலை செய்யும் இனத்தில், உரியவர் கைக்கு எட்டும்படி இருத்தல் வேண்டும்.

பெரியோர்களே! நீங்களும் பிள்ளைகளிடம் கொப்பியைக் கொடுத்ததோடு விட்டுவிடாது, என்ன செய்தாய் என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை, கேள்வி கேட்கப்படும் வேலை செம்மையாக நடக்கும்.